கிளிப் ஒட்டும் பசை: காம்போசிட்டா, கிளாஸ் அயனோமரா?

பல்லை வரிசைப்படுத்தும் கிளிப்பில், கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சின்னத் துண்டுதான் பிராக்கெட். அதை ஒட்ட, கண்ணாடித் துகள் கலந்த ரெசினான (பிசின் போன்ற பிளாஸ்டிக்) காம்போசிட், கண்ணாடித் தூளும் அமிலமும் சேர்ந்து இறுகும் கிளாஸ் அயனோமர் என இரண்டு பசை உண்டு. இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, எங்கள் கிளினிக்கில் இப்போது பெரும்பாலான பற்களுக்குக் காம்போசிட் பசைதான். விலையும் இறுகும் நேரமும் பெட்டியிலேயே போட்டிருக்கும். ஒன்றரை, இரண்டு வருஷம் எச்சிலில் ஊறிய பிறகு பிடி எவ்வளவு மிஞ்சும் என்பதை வைத்துத்தான் முடிவெடுத்தேன்.

விற்பனைத் தாளில் பெரும்பாலும் இருப்பது, 37 டிகிரி தண்ணீரில் 24 மணி நேரம் வைத்து அளந்த பிடி வலுவின் எண். அதைத் தாண்டிப் பார்க்க, ஒட்டிய பல்லை 5 டிகிரி, 55 டிகிரி தண்ணீரில் ஆயிரக்கணக்கான தடவை மாறி மாறி முக்குவார்கள். காப்பி குடித்த கையோடு ஐஸ்கிரீம் சாப்பிடுகிற வாய்க்கு இது மிகையில்லை. உலோகம், பசை, எனாமல் (பல்லின் வெளி ஓடு) மூன்றும் சூட்டில் ஒரே அளவில் விரிவதில்லை. அதனால் ஓரத்தில் நுண்விரிசல் விழும், அதற்குள் தண்ணீர் இறங்கும். தண்ணீர் ரெசினை இளக்கும். ரெசினையும் அதிலுள்ள கண்ணாடித் துகளையும் பிணைக்கும் சிலேனையும் மெல்ல அறுக்கும்.

ஆக, காம்போசிட்டும் தேயத்தான் செய்யும். ஆனால் 37 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தில் எட்ச் செய்து (எனாமலை லேசாக அரித்துச் சொரசொரப்பாக்கி) ஒட்டினால் அது தொடங்குகிற இடமே உயரம். சிகிச்சைக்கு இந்தப் பிடி வலு போதும் என்று ஆய்வாளர் ரெனால்ட்ஸ் 1975இல் சொன்ன 5.9 முதல் 7.8 மெகாபாஸ்கலுக்கு மேல், தேய்ந்த பிறகும் கொஞ்சம் கையிருப்பு இருக்கும். கிளாஸ் அயனோமரில், ரெசின் கலந்த வகையே ஆனாலும், அந்தக் கையிருப்பு குறைவு. ஒட்டிய அரைமணியில் அதன் பிடி இன்னும் தளர்வு. அன்றைக்கே கம்பி மாட்டும்போது இது உறுத்தும்.

காம்போசிட் சீக்கிரம் தேய்ந்தால் பசையை மட்டும் குறை சொல்ல முடியாது. இந்தப் பசையை இறுக வைப்பது விளக்கொளி, உலோக பிராக்கெட்டுக்குள் அது புகாது. ஓரங்களிலிருந்து சாய்த்துப் பாய்ச்சாவிட்டால் நடுவில் அரைகுறையாக வெந்த ரெசின் தங்கிவிடும், தண்ணீர் முதலில் தின்பது அதைத்தான். லைட் க்யூர் விளக்கின் வலுவை மீட்டர் வைத்து அளப்பதை விட்டுவிட்டு பிராண்டை மாற்றிப் புண்ணியமில்லை.

அயனோமரைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. எச்சிலைக் கட்டுப்படுத்த முடியாத கீழ்க் கடைவாய்ப் பக்கத்துக்கு அதுதான். ஈரத்தைப் பொறுக்கும், ஃபுளோரைடும் கசியும். ஒழுங்காகப் பல் தேய்க்காத பிள்ளைகளுக்கு பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளைத் திட்டு விழும் என்ற பயம் இருந்தால் அதையே எடுப்பேன். கழற்றும்போது பல்லைச் சுத்தம் செய்வதும் சுலபம்.

செராமிக் பிராக்கெட்டில் அயனோமர் வைத்த அனுபவம் எனக்குக் குறைவு. அங்கே பிடி அளவுக்கு மீறினால் கழற்றும்போது எனாமலே பெயரலாம். அதனால் வலு குறைந்த பசை அங்கே நல்லதாகவும் இருக்கக்கூடும், உறுதியாகச் சொல்ல மாட்டேன். முறுக்கு கடித்துத் தெறித்த உலோக பிராக்கெட்டானால், எந்தப் பசையில் ஒட்டியதாக இருந்தாலும், பழைய பசையை முழுக்கச் சுரண்டிவிட்டுப் புது பிராக்கெட்டே ஒட்டுகிறேன்.