வெண்ணெய் வாசம் அடிக்கும் பிட்டர்: ஒரு சின்ன ப்ரூவரியின் காஸ்க் பீர்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் காஸ்க் பீருக்கு, அதாவது பீப்பாயிலிருந்து கைப்பம்பால் இழுத்து ஊற்றும் பீருக்கு, பஞ்சமே கிடையாது. அதனால்தான் மோசமான பீர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை, நன்றாக வந்திருக்க வேண்டிய பீரைப் பாதியில் கெடுத்து அனுப்புகிறவர்கள் மேல்தான் வருகிறது. எங்கள் பக்கத்துப் பப்களில் இப்போது அடிக்கடி தலைகாட்டும் ஒரு சின்ன ப்ரூவரி (பீர் காய்ச்சும் இடம்) செய்யும் பிட்டர், அதாவது கசப்பு கலந்த இங்கிலாந்து பீர், அந்த ரகம். நாலைந்து பேர் வைத்து நடத்துகிற இடம், பெயர் வேண்டாம். 5க்கு 2 கொடுக்கிறேன், அந்த இரண்டும் மால்ட்டுக்கு, அதாவது பீருக்கு அடிப்படையான முளைகட்டிய தானியத்துக்கு.

நிறம், நுரை, ஹாப்ஸ் பூவின் கசப்பு எல்லாம் சரி. முதல் வாய் நன்றாகத்தான் இறங்குகிறது. அப்புறம்தான் தியேட்டர் பாப்கார்ன் மேல் ஊற்றுவார்களே, அந்தச் செயற்கை வெண்ணெய் வாசம் மூக்கில் ஏறுகிறது, நாக்கில் ஒரு வழவழப்பு ஒட்டிக்கொள்கிறது. கிளாஸ் கொஞ்சம் சூடேறினால் இன்னும் மோசம். இது டையசிட்டைல். புளிக்கும்போது ஈஸ்ட் வெளியே விடும் ஒரு பொருள் பீரிலேயே மாறி டையசிட்டைல் ஆகிறது, கடைசிக் கட்டத்தில் அதே ஈஸ்ட் அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். அதற்கு இன்னும் ஓரிரு நாள் தொட்டியில் குளிர்விக்காமல் விட்டுவைத்தால் போதும். ஆனால் இருப்பதே சில தொட்டிகள், அடுத்த பீர் வரிசையில் நிற்கிறது, சீக்கிரம் குளிர்வித்து பீப்பாயில் அடைத்துவிடுகிறார்கள். போதாக்குறைக்கு இங்கிலாந்து ஈஸ்ட்களில் பல வேலை முடியும் முன்பே அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் ஜாதி.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம்கூடத் தேவையில்லை. தொட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து மூடி, 60, 70 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, சூடுபடுத்தாத இன்னொரு கிளாஸோடு சேர்த்து முகர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். வெண்ணெய் வந்தால் பீர் இன்னும் தயாராகவில்லை, அவ்வளவுதான்.

இதே குறையைச் சொல்லி ப்ரூவரிக்கு மெயில் போட்டேன். மரியாதையான பதில்தான், ஆனால் பழி பப் மேல்: குழாய்களைச் சுத்தம் செய்திருக்க மாட்டார்கள் என்றார்கள். அது நடக்கிற விஷயம்தான், அழுக்குக் குழாயில் வளரும் பாக்டீரியாவும் இதே வாசத்தை உண்டாக்கும். ஆனால் அந்த பப்பில் பக்கத்துக் கைப்பம்புகளில் வந்த மற்ற பீர்கள் சுத்தமாக இருந்தன, நான் குடித்தது அன்றைக்குத்தான் திறந்த பீப்பாய், ஊரின் மறுகோடியில் வேறொரு பப்பிலும் இதே பிட்டரில் இதே வெண்ணெய். அப்புறம் எப்படி பப்பைக் குற்றம் சொல்வது? இதை எழுதிக் கேட்டதும் 'அது எங்கள் பாணி' என்று பதில் மாறிவிட்டது. ஏல் என்கிற இங்கிலாந்து பீர் வகையில் சிலவற்றில் இது லேசாக இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள் என்பது உண்மைதான், சிலர் மூக்குக்கு இந்த வாசம் எட்டவே எட்டாது என்பதும் உண்மை. ப்ரூவரிக்காரரின் மூக்கு அப்படிப்பட்டதோ என்னவோ.

பப் செய்யும் தப்புகள் வேறு மாதிரி இருக்கும். காஸ்க் பீரை வடிகட்டுவதில்லை, பாஸ்ச்சரைஸ் செய்வதில்லை, பீப்பாய்க்குள்ளும் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். திறந்தபின் ஊற்ற ஊற்ற உள்ளே காற்று போகும், மூன்று நாளுக்குள் தீர்ந்துவிட்டால் நல்லது. 9 காலன் பீப்பாய் என்றால் 72 பைன்ட், கூட்டம் வராத பப்பில் அது தீராது, அப்போது வினிகர் புளிப்பு வரும், இல்லை ஈர அட்டைப்பெட்டி மாதிரி ஒரு சப்பைச் சுவை. இதற்கு ப்ரூவரியைத் திட்டக் கூடாது. பச்சை ஆப்பிள் வாசம் வந்தால் பெரும்பாலும் பீர் இளசு, பழி மறுபடியும் ப்ரூவரிக்கே. வேகவைத்த மக்காச்சோளம் என்றால் கொதிக்கவைத்ததிலோ ஆறவைத்ததிலோ கோளாறு. மருந்து வாடை வந்தால் கிருமிநாசினி கலந்திருக்கலாம், காட்டு ஈஸ்ட் புகுந்திருக்கலாம், எதுவானாலும் குடிக்காதீர்கள். கலங்கலாக இருப்பது மட்டும் தனியாக ஒரு குறை இல்லை, இப்போது வேண்டுமென்றே தெளியவைக்காமல் விடுபவர்கள் நிறைய. பீரைத் தெளியவைக்க வழக்கமாகச் சேர்ப்பது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருள், சைவம் பார்க்கிறவர்கள் கேட்டுவிட்டுக் குடிப்பது நல்லது.

பப்புக்கு மட்டும் முழு மதிப்பெண். கிளாஸைத் திருப்பிக் கொண்டுபோய் 'இதில் வெண்ணெய் வாசம் வருது' என்றதும் பாரில் இருந்த அம்மா ஒரு வாய் குடித்துப் பார்த்து, "ஆமா லவ், சரியில்லை, வேற என்ன வேணும்?" என்று கேட்டு மாற்றிக் கொடுத்துவிட்டு, அந்த பீர் இப்போது கிடையாது என்று காட்ட அந்தப் பம்பின் பெயர் அட்டையையும் திருப்பி வைத்துவிட்டார். இங்கே இதற்குக் கூச்சப்படவே வேண்டாம், முக்கால் கிளாஸைக் காலி செய்துவிட்டுப் போய்ப் புகார் சொல்லாமல் இருந்தால் சரி.

இதே ப்ரூவரிக்கு நீங்களும் எழுதப்போகிறீர்கள் என்றால், பீப்பாய் லேபிளில் இருக்கும் கைல் நம்பரை பாரில் கேட்டு வாங்கிச் சேர்த்து அனுப்புங்கள். எந்தத் தடவை காய்ச்சியது என்று அதில் தெரிந்துவிடும், பழியைத் தள்ளிவிட முடியாது. அவர்களுடைய போர்ட்டர் என்கிற கறுப்பு பீர் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், வறுத்த மால்ட் முன்னால் நிற்கிறது, வெண்ணெய் இருந்தாலும் தெரியவில்லை. அதற்கு 5க்கு 4.