முகாம் வீடா, வாடகை வீடா? மண்டபம் கரையிலிருந்து ஓர் ஒப்பீடு

தனுஷ்கோடிக்கு அப்பால் கடலுக்குள் கிடக்கும் மணல் தீடையில் இறக்கிவிட்டுப் படகு திரும்பிவிடும். 2022 மார்ச்சில், இலங்கைப் பொருளாதார நெருக்கடியின்போது தொடங்கிய இலங்கைத் தமிழ் அகதிகளின் வரத்து இப்படித்தான் கரை சேர்ந்தது. கைக்குழந்தையோடு வெயிலில் காத்திருப்பு, கடலோரக் காவல்படையின் ஹோவர்கிராஃப்ட், மரைன் போலீஸ் விசாரணை, அதன்பின் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாம். முதலில் வந்த சிலர் மீது வழக்குப் பதிந்து சிறைக்கே அனுப்பினார்கள். பிறகுதான் முகாமில் வைத்தார்கள். 1983இலிருந்து ஆட்களை வாங்கிப் பழகிய கரைக்கே இந்தத் தடுமாற்றம். காரணம், இந்தியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே கிடையாது.

யாரை ஏற்பது என்பதை டெல்லி முடிவு செய்கிறது. முகாமை நடத்துவது மாநில வருவாய்த் துறையும் மறுவாழ்வுத் துறையும். ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சிக்கு மிஞ்சுவது தண்ணீர், குப்பை, தெருவிளக்கு, பிறப்பு இறப்புப் பதிவு. வந்தவர்களை எங்கே குடிவைத்தாலும் அன்றாடம் ஓடுவது இவற்றில்தான். அதனால் பழைய முகாம், வெளிப்பதிவு, புதிய வீடுகள் என்ற மூன்று வழிகளையும் அந்தக் கண்ணோடு பார்ப்போம்.

பழைய முகாம்

புதிதாக வந்தவர்களுக்கு இதைவிட வேகமான வழி இல்லை. அரிசி, பள்ளி, மருத்துவர் எல்லாம் ஒரே இடத்தில். 2021இல் உயர்த்தப்பட்ட பணக்கொடைப்படி குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கு 500. கணவன், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள் என்றால் 3,500 ரூபாய். தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்ணுக்கும் முதியவர்களுக்கும் இது பெரிய பிடிமானம்.

இடிப்பது இரண்டு இடங்களில். ஒன்று, வீடு. பழைய முகாம் வீடுகள் பல பத்துக்குப் பத்து அடி, அதாவது சுமார் 9.3 சதுர மீட்டர். பேரிடர்க் காலத் தற்காலிகத் தங்குமிடத்துக்கே ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் வேண்டும் என்பது உலக அளவில் ஒப்புக்கொண்ட குறைந்தபட்சக் கணக்கு. அப்படியானால் அந்த அறை மூன்று பேருக்கே காணாது. சமையல் வேறு உள்ளேதான்.

இன்னொன்று தணிக்கை. தலை எண்ணும் நாளில் ஆள் இல்லாவிட்டால் பதிவை வெட்டிவிடுவார்கள் என்ற பயம். முகாம் ஆண்கள் பலருக்குப் பெயிண்டிங்தான் தொழில். வெளியூரில் பாதிச் சுவர் அடித்துக்கொண்டிருக்கும்போது தணிக்கைக்கு ஓடி வந்தால் அந்த மேஸ்திரி அடுத்த முறை கூப்பிடுவாரா? கடல் தொழில் தெரிந்தவராக இருந்தாலும் மீனவர் அடையாள அட்டை இல்லாமல் இங்கே வலை எடுக்க வழியில்லை.

வெளிப்பதிவு

காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு ஊருக்குள் வாடகைக்கு இருப்பது. தமிழ்நாட்டில் பல்லாயிரம் பேர் இப்படித்தான் இருக்கிறார்கள். தணிக்கைத் தொல்லை இல்லை, வேலைக்குத் தோதான ஊரில் இருக்கலாம், பிள்ளைகள் தெருப் பிள்ளைகளோடு வளர்கிறார்கள். ஆனால் பணக்கொடையும் முகாம் அரிசியும் போய்விடும். மேலே சொன்ன குடும்பம் 3,500 ரூபாயை விட்டுவிட்டு, வாடகையும் அட்வான்ஸும் புதிதாகக் கட்ட வேண்டும். நிலையான சம்பாத்தியம் ஒன்றாவது இல்லையென்றால் கட்டுபடியாகாது. வீடு மாறும்போதெல்லாம் காவல் நிலையத்தில் சொல்லியாக வேண்டும். போலீஸ் வாசலுக்கு வரும் என்று தெரிந்தால் வீட்டுக்காரர் பின்வாங்குவார். இந்த இடத்தில் ஊராட்சித் தலைவரோ வார்டு உறுப்பினரோ வீட்டுக்காரரிடம் நேரில் போய்ப் பேசுவது பத்து விண்ணப்பத்துக்குச் சமம்.

எல்லாருக்கும் இந்த வழி திறந்தும் இல்லை. 9.1.2015 வரை வந்து பதிந்த இலங்கைத் தமிழருக்குத்தான் வெளிநாட்டினர் சட்டத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து மத்திய அரசின் 2025ஆம் ஆண்டு ஆணை விலக்குத் தருகிறது. 2022இல் தீடையில் இறங்கியவர்கள் அந்தக் கோட்டுக்கு வெளியே.

புதிய வீடுகள்

2021இல் அறிவித்த 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தில் 7,469 வீடுகள் அடங்கும். ஒரு வீடு சுமார் 300 சதுர அடி, கழிப்பறை உள்ளேயே. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரும் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாறியது. சுவரைப் பொறுத்தவரை பழசோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் பதிவும் தணிக்கையும் அப்படியே. கணக்கெடுக்கும் நாளில் ஒரு குடும்பம், வீடு முடியும்போது மகனுக்குக் கல்யாணமாகி இரண்டு என்ற சிக்கலும் உண்டு.

எங்கள் கணக்கில், வந்து சேர்ந்த ஆரம்ப நாட்களுக்கு முகாம். சம்பாதிக்க ஆள் இருக்கும் குடும்பத்துக்கு ஊர்த்தெரு. ஆதரவற்றவர்களுக்குப் புதிய வீடு. மூவரையும் ஒரே வேலிக்குள் வைப்பதுதான் தப்பு.

தண்ணீர்

ஊருக்கும் முகாமுக்கும் மனக்கசப்பு வந்தால் அது முதலில் குழாயடியில்தான் வரும். குடத்தை வைத்துத் தள்ளுவண்டி இழுக்கும் மாவட்டம் இது. பேரிடர் முகாமுக்கான குறைந்தபட்ச அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர், ஏறத்தாழ ஒரு குடம். 12,000 லிட்டர் லாரி ஒன்று 800 பேருக்கு வரும். கிராம வீடுகளுக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவோ 55 லிட்டர்; அந்தக் கணக்கில் அதே லாரி 218 பேருக்குத்தான். அவசரத்துக்கு வைத்த 15 லிட்டர் வருடக்கணக்கில் நீடித்தால் சொறி சிரங்கும் வயிற்றுப்போக்கும் கேட்காமலே வரும். காவிரி கூட்டுக் குடிநீர்க் குழாயை முகாமுக்கு நீட்டும்போது வழியில் உள்ள தெருவுக்கும் இரண்டு குழாய் வைத்துவிட்டால் பாதிச் சண்டை குறையும். உகாண்டாவில் அகதிகளுக்கு வரும் உதவியில் 30 சதவீதம் சுற்றியுள்ள ஊர்க்காரருக்குப் போக வேண்டும் என்பது கொள்கையே. அங்கே நடமாடவும் வேலை செய்யவும் 2006ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்தச் சட்டம் நம் ஊராட்சியின் கையில் இல்லை, குழாய் இருக்கிறது.

பள்ளியும் பதிவேடும்

டி.சி. இல்லை என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பக்கூடாது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு வரை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். சிக்கல் அதற்கு மேல். இலங்கையில் நம் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு ஈடான சாதாரண தரத் தேர்வு பதினோராம் வகுப்பில்தான் வரும். அதை எழுதாமல் வந்த பிள்ளையை இங்கே பிளஸ் ஒன்னில் போட முடியாது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்குத்தான் உட்கார்த்த வேண்டும். முதல் வாரமே சொல்லிவிட்டால் ஒரு வருடம் மிச்சம்.

எல்லாவற்றிலும் மலிவானதும் அதிகம் தவறிப்போவதும் பிறப்புப் பதிவு. 21 நாளுக்குள் சொன்னால் கட்டணமில்லை. ஒரு வருடம் தாண்டினால் கோட்டாட்சியர் அலுவலகம் வரை அலைய வேண்டும். 1.7.1987க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். மண்டபத்தில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்க 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது; 2024 தேர்தலில் அவர் வாக்களித்தார். பிறந்த இடமும் தேதியும் காகிதத்தில் இருந்ததால் நின்ற வழக்கு அது. பின்னால் பிறந்தவர்களுக்கும் இதே காகிதம்தான் வேண்டும், இலங்கைக் குடியுரிமைக்காக. சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் ஒரு வருடத்துக்குள் பதிவது சுலபம்.

அங்கே பெயர் பொருந்த வேண்டும். இலங்கைச் சான்றிதழில் தகப்பன் பெயர் முழுதாக முன்னால் நிற்கும். நம் எழுத்தர் பழக்கதோஷத்தில் ஓர் இனிஷியலோடு முடித்துவிடுவார். ஆகவே படிவம் எழுதுமுன் பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்றை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் சுருக்காமல் ஏற்ற வேண்டும்.