பன்னிரண்டு வருஷம் முன்னாடியே சொல்லிவைத்த விருந்தாளி

2022 தீபாவளிக்கு ஊருக்கு வருவது என்று ஸ்டுட்கார்ட்டில் டிக்கெட் போட்டபோது குறிஞ்சி கணக்கிலேயே இல்லை. கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது அம்மா போனில், "சாந்தன்பாறைப் பக்கம் குறிஞ்சி பூத்துக் கெடக்காம்டி. ஏலக்காட்டுக்குப் போறவளுக பூராம் அதே பேச்சுத்தான்" என்றார். எங்களுக்குப் போடி. மேற்கே பார்த்தால் மலை, மலைக்கு அந்தப் பக்கம் பூப்பாறை, சாந்தன்பாறை. எங்களுக்கு வெளியூர் மாதிரியே தோன்றாத ஊர்கள்.

எனக்கு ஒரு பழைய கடன் இருந்தது. 2018 ஆகஸ்டில் மூணாறு பக்கத்து ராஜமலைக் குறிஞ்சிக்கென்றே லீவு போட்டு வந்தேன். அந்த வருஷக் கேரள வெள்ளத்தில் பெரியவாரைப் பாலம் போய், மூணாறு துண்டாகி, நான் கேரள எல்லையிலுள்ள போடிமெட்டைக்கூடத் தாண்டாமல் திரும்பினேன். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிற பூ நாலே வருஷத்தில் எப்படி மறுபடி என்று அம்மாவிடம் கேட்டதற்கு, "அது அந்த மலை, இது இந்த மலை" என்றார். விஷயம் அவ்வளவுதான். ஒரே செடிதான், ஆனால் ஒவ்வொரு மலைக்கும் தனி நாள்காட்டி. ராஜமலைக்கு 2006, 2018, அடுத்தது 2030. சாந்தன்பாறைப் பக்கத்துக் கள்ளிப்பாறைக்கு முறை 2022. ஒரு சரிவிலுள்ள செடிகள் சேர்ந்து பூத்து, விதை உதிர்த்து, சேர்ந்தே செத்துப்போகும். அப்புறம் விதையிலிருந்து எல்லாம் முதலிலிருந்து.

மதுரையில் இறங்கி எட்டரை மணி ரயிலில் தேனிக்கு வந்தேன். இதை இவ்வளவு சாதாரணமாக எழுதக் கூடாது. அகலப்பாதைக்காக மதுரை - போடி மீட்டர்கேஜை 2010 டிசம்பர் 31ஆம் தேதியோடு நிறுத்தினார்கள். தேனிவரை ரயில் திரும்பி வந்தது 2022 மே மாதம். போடிக்கு வர இன்னும் ஒரு வருஷம் ஆனது. ரயிலுக்கும் ஒரு குறிஞ்சிச் சுற்று பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பெட்டி சுத்தம், சரியான நேரம், ஆண்டிபட்டிக் கணவாயில் காற்று. எதிரே இருந்த பெரியவர் என் சூட்கேஸின் விமானத் துண்டுச் சீட்டைப் படித்துவிட்டு, "எந்த ஊரு தாயி, ஜெர்மனியா?" என்றார். போடி என்றதும் அப்பா பேரைக் கேட்டார். இறங்கும்வரை பேச்சு அப்பாவைப் பற்றியே.

கார் விஷயத்தில்தான் முதல் அடி. ஜெர்மனியிலிருந்தே ஆன்லைனில் ஒரு வாடகைக் கார் நிறுவனத்தில் முன்பணம் கட்டியிருந்தேன். முதல் நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு, "மேடம், கேரளா பார்டர் தாண்டுறதுக்கு அந்த வண்டிக்குப் பெர்மிட் இல்ல" என்று போன். புக் பண்ணும்போதே எங்கே போகிறோம் என்று எழுதித்தானே கொடுத்தேன் என்றால், "அது சிஸ்டம்ல வரல" என்கிறார். முன்பணம் ஏழு வேலை நாளில் வரும் என்றார்கள். ஏழு வாரம் கழித்து வந்தது. அத்தை இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தெருமுனையில் வண்டி வைத்திருக்கும் பையனுக்கு ஒரு போன் போட்டார். காலை ஐந்து மணிக்கு அவன் வாசலில் நின்றான். பெர்மிட் வரியை முந்தின ராத்திரியே மொபைலில் கட்டி, ரசீதைப் பிரிண்ட் எடுத்து முன்கண்ணாடியில் சொருகியிருந்தான்.

மலையடிவாரத்து ஊரான முந்தலில் ஆரம்பித்து பதினேழு கொண்டை ஊசி வளைவு. எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்புகள். உள்ளே இடமில்லாமல் தூக்குவாளியைக் கம்பியில் மாட்டியிருந்தார்கள், ஒவ்வொரு வளைவுக்கும் வாளிகள் மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்தன. பூப் பார்க்கப் போகிறவர்களுக்கு இது சுற்றுலாச் சாலை, இவர்களுக்கு ஆபீஸ் போகிற சாலை. புலியூத்து அருவியில் எல்லோரும் நிறுத்திப் படம் எடுப்பார்கள். எங்கள் வண்டி ஓட்டிய தம்பி நிறுத்தவில்லை. "லேட்டாப் போனா மேல வண்டி விட எடம் இருக்காதுக்கா" என்றான்.

போடிமெட்டில் டீ குடித்தபோது இரண்டாவது அடி. மூன்று டீ, நாலு பருப்புவடை. என்னிடம் ஏடிஎம் கொடுத்த 2000 ரூபாய்த் தாள். கடைக்காரர் தாளைத் தொடவே இல்லை. "ஜிபே பண்ணிருங்க." நான் எங்கே பண்ண? என் வங்கிக் கணக்கு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்ஓ, கைபேசி எண் ஜெர்மன் எண். யுபிஐ அதை ஏற்காது. கொய்யாப்பழம் விற்கிற பாட்டியிடம்கூடக் கியூஆர் அட்டை இருக்கிற நாட்டில், சொந்த ஊருக்கு வந்தவள் கையில் மட்டும் ஒன்றுமில்லை. அம்மா சுருக்குப்பையை எடுத்துக் கொடுத்தார். மறு ஜனவரியில் பத்து நாட்டுக் கைபேசி எண்களுக்கு யுபிஐ திறந்துவிடுவதாக அறிவித்தார்கள். ஆசையாகப் படித்தேன், ஜெர்மனி அதில் இல்லை. என்னைப் போல வருகிறவர்கள் நூறு ரூபாய்க் கட்டு ஒன்று மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

பூப்பாறை தாண்டி சாந்தன்பாறையிலிருந்து கொஞ்ச தூரத்தில் கள்ளிப்பாறை. ஏழரைக்கே சாலையின் இரு பக்கமும் வண்டிகள். அங்கிருந்து மேலே நடக்க வேண்டும். பாதி தூரம்வரை ஜீப் இருந்தது. ஜீப்காரர் மலையாளமும் தமிழும் கலந்து பேசினார். அம்மாவின் முழங்காலைப் பார்த்துவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்த இளைஞனை இறக்கிப் பின்னால் அனுப்பினார். கடைசிச் சரிவுக்கு ஒரு கம்பும் கொடுத்தார். "திரும்பி வரும்போது தந்தாப் போதும் அம்மே."

மேலே ஏறியதும் முதலில் தெரிந்தது பூ இல்லை, செல்பிக் கம்புகள். அதைத் தாண்டிக் குனிந்தால்தான் பூ. படங்களில் பார்க்கிற அடர்நீலத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். காலை வெயிலில் அது கத்தரிப்பூ நிறத்துக்கும் நீலத்துக்கும் நடுவில் ஒன்று. செடி என் இடுப்புக்குக்கூட வரவில்லை. தண்டு கருத்து முறுக்கேறியிருக்கிறது. இலை ஓரம் ரம்பம். ஒரு பூவை எடுத்துக்கொண்டால் சின்ன மணி, சுண்டுவிரல் நுனி உள்ளே போகும் அகலம். அதற்குள் ஒரு தேனீ தலைகீழாக நுழைந்து, பின்பாதி மட்டும் வெளியே ஆட, ரொம்ப நேரம் அப்படியே இருந்தது. சரிவு முழுக்க அந்த ரீங்காரம்தான். ஆட்கள் பேச்சை நிறுத்துகிற இடைவெளியில் மட்டும் கேட்கும். மலையில் முதுவர் பழங்குடியினர் வயதைக் குறிஞ்சிக் கணக்கில் சொல்வார்கள் என்றேன். அம்மா விரல்விட்டு எண்ணி, "எனக்கு அஞ்சு முடிஞ்சு ஆறு நடக்குது" என்றார். அத்தை தன் கணக்கைச் சொல்லவில்லை.

இனி, பாராட்ட முடியாத பகுதி. அத்தை மெதுவாக என் காதில், "பாத்ரூம் எங்கிட்டு இருக்கு?" என்றார். எங்கேயும் இல்லை. ஆயிரக்கணக்கில் ஆட்கள் ஏறி இறங்குகிற இடத்தில், நான் தேடியவரை பெண்களுக்கு ஒரு தகரத் தடுப்புகூட இல்லை. ஆண்கள் புதரைப் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் புதரும் குறிஞ்சிதான். எனக்கு எரிச்சல் வந்தது கூட்டத்தைப் பார்த்து அல்ல. கல்யாணத்துக்கு வருகிறவர்கள்கூடக் கடைசி நாளில்தான் எண்ணிக்கை சொல்வார்கள். இது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடியே தேதி சொல்லிவிட்டு வருகிற விருந்தாளி. நாலு நடமாடும் கழிப்பறையும் பத்துக் குப்பைத்தொட்டியும் ஏற்பாடு பண்ண இதைவிட எவ்வளவு அவகாசம் வேண்டும்? ஜெர்மனி நெடுஞ்சாலையில் கழிப்பறைக்கு அப்போது எழுபது சென்ட் கேட்டபோதெல்லாம் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு எழுநூறு ரூபாய் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

குப்பையும் அப்படித்தான். வேருக்கடியில் தண்ணீர் பாட்டில், சிப்ஸ் கவர். பச்சைக் கோட்டுப் போட்ட பெண்கள் சிலர் சாக்குப்பையோடு சரிவில் குனிந்து குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பூவைப் பறித்துத் தலையில் வைத்திருந்த ஒரு பெண்ணிடம் அவர்களில் ஒருவர் ஏதோ சொல்ல, அவள் எடுத்துக் கீழே போட்டாள். பறித்த பூவைத் திரும்ப ஒட்டவா முடியும்? நீலக்குறிஞ்சி இப்போது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது, பறித்தால் அபராதமும் சிறையும் உண்டு.

கம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பூவை அரைமணி நேரம்கூடப் பார்க்காமல் இறங்கினோம். அத்தைக்கு முடியவில்லை. பூப்பாறைக்கு வரும் வழியில் ஒரு பெட்டிக்கடைக்காரம்மா கேட்ட மறுநிமிஷமே வீட்டுக்குள் கூட்டிப்போனார். காசு வாங்கவில்லை. அத்தை சும்மா வருகிற ஆள் இல்லை, அங்கேயே நூறு கிராம் ஏலக்காய் வாங்கினார். ஏல வியாபாரம் நடக்கிற போடிக்கே ஏலக்காய் வாங்கிக்கொண்டு போன ஒரே குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும் என்று தம்பி சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தான்.

கள்ளிப்பாறைக்கு அடுத்த முறை 2034. போகிறவர்கள் விடியும் முன்பே கிளம்புங்கள், சில்லறை எடுத்துக்கொள்ளுங்கள், வண்டியைத் தெருமுனையில் பிடியுங்கள். அதற்குள் யாராவது கழிப்பறை கட்டியிருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், அத்தையிடம் சொல்ல வேண்டும்.