ஸ்க்ரோல் சா வகுப்பு, ‘த்ரீடி மர அலங்காரம்’ என்று பணம் கேட்டால் கொஞ்சம் பொறுங்கள்

கிறிஸ்துமஸ் நெருங்கும் மாதங்களில் கோயம்புத்தூர்க்காரர்களின் இன்ஸ்டாகிராமில் இந்த விளம்பரம் கண்டிப்பாக வந்திருக்கும். உள்ளங்கையில் ஒரு சின்ன மரக்கட்டை, சுற்றிலும் டேப். கத்தியால் டேப்பைக் கீறியதும் சக்கையெல்லாம் நாலு பக்கமும் உதிர்ந்து, நடுவில் கொம்போடு ஒரு மான் நிற்கும். நீங்களும் செய்யலாம், வார இறுதி வகுப்பு, கிட் உண்டு, வீட்டிலிருந்தே மாதம் இவ்வளவு சம்பாதிக்கலாம் என்று போகும். வகுப்புக்கு 3,500 ரூபாய், கிட்டுக்கு 14,800. கிட் வாங்காதவர்களுக்கு வகுப்பு கிடையாது. நான் கட்டினேன். அந்த மான் எனக்கு வரவில்லை, என்னோடு உட்கார்ந்த யாருக்கும் வரவில்லை, அவர்கள் கொடுத்த மெஷினில் அது யாருக்கும் வரவே வராது. நடத்துபவர்களின் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். தவிர, போன வருடம் இவர்களே வேறு பெயரில் நடத்தினார்கள் என்று இப்போது கேள்விப்படுகிறேன், அதனால் பெயரைவிட முறையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உபயோகம்.

அந்த மான் எப்படி வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், இது நமக்குத் தெரியாது என்பதுதான் அவர்களுக்கு முதலீடு. ஸ்க்ரோல் சாவில் ஐந்து இஞ்ச் நீளத்தில் ஒரு மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடும், மரத்தை நாம் கையால் திருப்பித் திருப்பி நகர்த்துவோம். பெரும்பாலும் பெயர்ப்பலகை, ஜாலி (துளையிட்ட பின்னல்) வேலை மாதிரி தட்டைப் பலகையில் செய்வதுதான் இதில் அதிகம். த்ரீடி உருவத்துக்குப் பலகை ஆகாது, ஏறக்குறைய ஒன்றரை இஞ்ச் சதுரத்தில், மூன்று நான்கு இஞ்ச் உயரத்தில் கட்டை வேண்டும். ஒரு தாளில் மானை முன்னாலிருந்து பார்த்த உருவமும் பக்கத்திலிருந்து பார்த்த உருவமும் அடுத்தடுத்து வரைந்திருக்கும். தாளை நடுவில் மடித்து, மடிப்பு கட்டையின் விளிம்பில் கச்சிதமாக உட்காரும்படி, அடுத்தடுத்த இரண்டு முகங்களிலும் ஒட்டுவார்கள். ஒரு முகத்தை அறுத்து முடித்ததும் வெளியே வந்த துண்டுகளைத் தூக்கிப் போடக் கூடாது. எல்லாவற்றையும் பழைய இடத்திலேயே வைத்து, இறுக்கி டேப் சுற்றி, மறுபடியும் முழுக்கட்டையாக்கி, 90 டிகிரி திருப்பி இரண்டாவது முகத்தை அறுக்க வேண்டும். டேப்பைப் பிரித்தால் மான். இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை, வளைந்த நாற்காலிக் கால்களை பேண்ட் சாவில் (வளையமாக ஓடும் பட்டை ரம்பம்) எடுக்கும் ஆசாரிகளுக்குப் பழக்கமான முறைதான்.

ஆனால் மூன்று விஷயம் சரியாக இருந்தால்தான் இது நடக்கும். மெஷினுக்கு அந்தப் பருமனை அறுக்கும் இடமும் பலமும் வேண்டும். பிளேடு மேசைக்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். கட்டை நாலு பக்கமும் மூலைமட்டத்துக்குள் வர வேண்டும், அதாவது மூலைகள் சரியாக 90 டிகிரி இருக்க வேண்டும். இந்த மூன்றிலும் இவர்கள் கைவைத்திருக்கிறார்கள்.

ஊருக்கு வெளியே ஒரு தகர ஷெட். முன்னால் ஒரு பெரிய மெஷின், பார்த்தாலே நல்ல மெஷின் என்று தெரியும், அதைப் பயிற்சியாளரைத் தவிர யாரும் தொடக் கூடாது. எங்கள் கிட் மெஷின்கள் பெட்டியைப் பிரிக்காமல் ஓரமாக அடுக்கியிருந்தன, கடைசியில் வீட்டுக்குக் கொண்டு போகும்போதுதான் பிரிக்க வேண்டுமாம், வாரண்டிக்காக. பயிற்சியாளர் கட்டையில் தாளை ஒட்டினார், முதல் முகத்தை அறுத்தார், டேப் சுற்றினார். சரி, இரண்டாவது அறுப்பு வரப்போகிறது என்று எல்லோரும் செல்போனைத் தூக்கிக்கொண்டு நின்றோம். "டைம் ஆகும் சார், ஏற்கெனவே ஒண்ணு ரெடியா வெச்சிருக்கேன்" என்று டிவி சமையல் நிகழ்ச்சியில் குக்கரை மாற்றி வைப்பதுபோல மேசைக்கு அடியிலிருந்து ஒரு மானை எடுத்து நீட்டினார். கைதட்டினார்கள். நானும்தான்.

அந்த மானை வாங்கித் திருப்பிப் பார்த்தபோதே ஏதோ இடித்தது. கழுத்து உருண்டையாக இருந்தது, காலும் உருண்டை. இந்த முறையில் வரும் உருவத்தை எந்த உயரத்தில் குறுக்கே வெட்டிப் பார்த்தாலும் செவ்வகம்தான் கிடைக்கும், ஏனென்றால் இரண்டு திசையிலிருந்து நேர்கோட்டில் அறுத்ததுதானே அது. விளிம்புகள் கூர்மையாக நிற்கும், அறுத்த முகத்தில் பிளேடு ஓடிய மெல்லிய கோடுகள் தெரியும். உப்புத்தாள் போட்டு விளிம்பை மழுக்கலாம், ஆனால் தூண் மாதிரி உருட்டிவிட முடியாது. அவர் காட்டியது லேத்திலோ (கடைசல் மெஷின்) சிஎன்சியிலோ (கம்ப்யூட்டர் ஓட்டும் வெட்டு மெஷின்) செய்து எங்கிருந்தோ வாங்கிவந்த பொருள். இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெளிவாகத் தெரியாது, உறுத்தியது மட்டும் உண்மை. விளம்பர வீடியோவை அப்புறம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் அதில் சுவரில் இருக்கும் பிளக் தட்டையான இரண்டு கால் வைத்த அமெரிக்கப் பிளக். யாரோ ஒரு அமெரிக்கர் தன் கராஜில் உட்கார்ந்து செய்ததை ஓரம் வெட்டி எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

மீதி வகுப்பு என்ன என்று கேட்கிறீர்களா? மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த 6 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் இரண்டு நட்சத்திரம் அறுத்து, ஒன்றில் மேலிருந்து பாதி, இன்னொன்றில் கீழிருந்து பாதி பள்ளம் போட்டு, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி நிறுத்துவது. இதுதான் த்ரீடியாம். அழகாகத்தான் இருந்தது, நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் இதைக் கற்றுக்கொள்ள ஒரு காகித அட்டையும் கத்தரிக்கோலும் போதும். எனக்குக் கோபம் வந்த இன்னொரு இடம், அந்த ஷெட்டில் தூசு உறிஞ்ச ஒன்றும் கிடையாது, மாஸ்க் கிடையாது, கண்ணாடி கிடையாது, பள்ளிப் பிள்ளைகள் நாலைந்து பேர் இருந்தார்கள். மரத்தூசைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பான ஐ.ஏ.ஆர்.சி. 1995ஆம் ஆண்டிலேயே முதல் வகையில், அதாவது உறுதியானவற்றில், சேர்த்துவிட்டது. எம்.டி.எஃப். என்றால் தூசோடு ஃபார்மால்டிஹைடு கலந்த பசையும் சேர்ந்து வரும். கேட்டதற்கு, "அரை நாள்தானே சார், ஒண்ணும் ஆகாது" என்று பதில்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தேன். மெஷின் பக்கவாட்டில் இவர்கள் லோகோ போட்ட பளபள ஸ்டிக்கர், அதில் ‘16 இஞ்ச் புரொஃபஷனல்’. 16 இஞ்ச் என்றால் பிளேடுக்கும் பின்னால் இருக்கும் தூணுக்கும் நடுவில் உள்ள தூரம், அதாவது எவ்வளவு அகலமான பலகையைச் சுற்றித் திருப்பலாம் என்ற கணக்கு, பருமனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சாதாரண 16 இஞ்ச் மெஷின்கள் 50 மி.மீ. வரை, அதாவது இரண்டு இஞ்ச் வரை அறுக்கும். இதில் ஒன்றரை இஞ்ச் கட்டையை வைத்தால் அழுத்திப் பிடிக்கும் கால்கூட மேலே ஏறவில்லை. ஸ்டிக்கரின் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது, விரலால் நெம்பினால் அடியில் கம்பெனியின் சொந்தத் தகடு: அதிகபட்ச அறுப்புப் பருமன் 18 மி.மீ. பருமன் போகட்டும், தூண் வரை அளந்து பார்த்தால் அந்த 16 இஞ்ச்சும் இல்லை. இதே மெஷின், இதே நிறம், ஸ்டிக்கர் இல்லாமல் ஆன்லைனில் ஏறக்குறைய பாதி விலைக்குக் கிடைக்கிறது.

பிளேடு இன்னொரு கதை. இந்த மெஷின் இரண்டு முனையிலும் குறுக்கே ஊசி வைத்த பிளேடை மட்டும்தான் பிடிக்கும். அந்த வகையில் கிடைப்பதெல்லாம் கொஞ்சம் தடித்த பிளேடுகள், நுணுக்கமான வளைவில் திரும்பாது. கட்டை உருவங்கள் அறுப்பவர்கள் ஊசி இல்லாத பிளேடில், ஒரு பல் விட்டு ஒரு பல் இருக்கும் வகையில், 5 அல்லது 7ஆம் நம்பர் போடுவார்கள். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு அக்கா பிளேடு ஒடிந்துகொண்டே இருக்கிறது என்று கேட்டதற்கு, நகைப்பட்டறை சாமான் விற்கும் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று எழுதினார்கள். நம் ஊரில் நகைப்பட்டறைக்குக் குறைச்சல் இல்லை, பிளேடும் கிடைக்கும், நீளமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அது தங்கம், வெள்ளி அறுக்கிற பிளேடு, பல் அவ்வளவு பொடி. பருமனான மரத்தில் ஓட்டினால் தூள் வெளியே வர வழியில்லாமல் அடைத்து, மரம் கருகும். அதைவிட, ஊசி இல்லாத அந்த பிளேடை இந்த மெஷினில் மாட்டவே முடியாது. தாங்கள் விற்ற மெஷினில் எந்த பிளேடு போகும் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தே எழுதினார்கள்.

‘இறக்குமதி பாஸ்வுட்’ (செதுக்க ஏற்ற மென்மையான மரம்) என்று தனி விலை போட்ட கட்டைகளை எங்கள் தெருவில் ஒரு பெரியவரிடம் கொண்டு போனேன். ஃபவுண்டரிகளுக்கு மரத்தில் பேட்டர்ன், அதாவது வார்ப்புக்கான மாதிரி உருவம், செய்தே காலம் தள்ளியவர், பம்ப் உடம்புக்கு அச்சு எடுப்பதில் அரை மில்லி தப்பினால் வார்ப்பே வீண் என்று வளர்ந்த கை. மூலைமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, இது நாலு பக்கமும் நாலு தினுசா இருக்குதுங்களே" என்றார். நகத்தால் கீறி, மோந்து பார்த்து, "ரப்பர் மரமுங்க. ஈரம்கூட இன்னும் காயல." முகம் கோணலாக இருந்தால் திருப்பி வைத்து அறுக்கும்போது இரண்டாவது அறுப்பு சாய்வாக உள்ளே போகும், மானுக்கு ஒரு கால் தடியாகவும் ஒரு கால் குச்சியாகவும் வரும். ஈரக்கட்டை என்றால் காய்ந்த பிறகு மெல்லிய கொம்பு தானாக வளைந்து பிளந்துகொள்ளும்.

அவரே உட்காரவைத்து, தெரிந்தவர் பட்டறையில் இருந்த நல்ல மெஷினில் காட்டிக்கொடுத்தார். வகுப்பில் யாரும் வாயே திறக்காத விஷயங்கள். மேசையில் இருக்கும் கோணக் குறியை நம்பக் கூடாது. ஒரு தடித்த கழிவுக் கட்டையில் கொஞ்ச தூரம் அறுத்து, மெஷினை நிறுத்தி, கட்டையைப் பின்பக்கம் கொண்டு போய்த் திருப்பி, அதே தடத்துக்குள் பிளேடு இடிக்காமல் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும், நுழைந்தால் செங்குத்து. பிளேடை மீட்டினால் கணீரென்று கேட்கும் அளவுக்கு இழுத்துக் கட்ட வேண்டும். பருமனான கட்டையை முன்னால் தள்ளினால் பிளேடு நடுவில் வயிறு தள்ளும், மேலே கோட்டில் போகும், கீழே எங்கோ போகும், ஆகவே தள்ளவே கூடாது, அது தின்கிற வேகத்துக்குக் கொடுக்க வேண்டும். பெரும்பாலான பிளேடுகள் ஒரு பக்கமாகக் கொஞ்சம் இழுக்கும், அதற்குத் தக்கபடி கட்டையைச் சற்றுத் திருப்பிப் பிடிக்கப் பழக வேண்டும். டேப் துண்டுகளைப் பிடிக்க மட்டும் அல்ல, பிளேடு சூடாகி மரம் கருகாமலும் அது காப்பாற்றும். தேக்கு வேண்டாம், பிளேடைச் சீக்கிரம் மழுங்கடிக்கும், குமிழ் மரம் எடுத்து வாருங்கள் என்றார். குமிழில் எனக்கு மான் வந்தது. கொம்பு ஒரு பக்கம் ஒடிந்துதான் வந்தது, அது வேறு விஷயம்.

சரி, பணம். ஸ்டிக்கரையும் அடியில் இருந்த தகட்டையும் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். சற்று நேரத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். போனில் பிடித்தால், "அது அட்வான்ஸ் லெவல் சார், அதுக்குத் தனி மெஷின், தனி ஃபீஸ். நீங்க சேர்ந்தது பேசிக்." விளம்பரத்தில் பேசிக் என்ற சொல்லே கிடையாது. பில் கேட்டால் ஒரு வெள்ளைத் தாளில் ‘பயிற்சிப் பொருட்கள்’ என்று கையெழுத்தில் வந்தது, ஜி.எஸ்.டி. எண் இல்லை, பணம் போனது ஒரு தனிநபரின் யு.பி.ஐ. கணக்குக்கு.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் கூப்பிட்டுப் பதிவு செய்தேன். மரியாதையாகப் பேசினார்கள், எதிர்த்தரப்புக்குத் தகவலும் அனுப்பினார்கள், அங்கிருந்து பதில் இல்லை. அந்த எண் சமரசத்துக்குத்தான், தீர்ப்புச் சொல்ல அதற்கு அதிகாரம் கிடையாது. அடுத்ததாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், விற்றவர் எங்கே இருந்தாலும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். நுகர்வோர் புகாருக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே ஏற்றினேன், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், யு.பி.ஐ. ரசீது, இரண்டு படங்கள், வெள்ளைத்தாள் பில் எல்லாம் சேர்த்து.

வேறு எங்காவது இப்படி ஒரு வகுப்பில் சேர நினைத்தால், முன்பணம் கொடுக்கும் முன்னால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எனக்குக் கொடுக்கப்போகும் மெஷினில், ஒன்றரை இஞ்ச் கட்டையில், இரண்டாவது அறுப்பை என் கண் முன்னால் அறுத்து டேப்பைப் பிரித்துக் காட்டுங்கள். நேர்மையாகச் சொல்லிக்கொடுப்பவர் சிரித்துக்கொண்டே செய்துகாட்டுவார், எளிய உருவம் என்றால் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. நேரமில்லை, மெஷின் பெட்டியில் இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்று இழுத்தால் கிளம்பி வந்துவிடுங்கள்.

என்னோடு அதே வகுப்பில் இருந்தவர்கள் இதைப் படித்தால் தனிச்செய்தி அனுப்புங்கள். ஒரே மாதிரி புகார் நாலைந்து சேர்ந்து போனால் ஆணையத்தில் எடை வேறு. அதுவரை அந்த ஸ்டிக்கரை முழுசாகக் கிழித்துவிட வேண்டாம், பாதி தூக்கிய நிலையில் அடியில் இருக்கும் தகடும் மேலே இருக்கும் ‘16 இஞ்ச்’சும் ஒரே படத்தில் தெரியும்படி, வெளிச்சத்தில் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.