களிமண் அசைவூட்டம்: குளத்து மண்ணா, பிளாஸ்டிசினா?

ஓவிய வகுப்பில் களிமண் அசைவூட்டப் படம் (பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் படமெடுத்து, அவற்றைத் தொடர்ந்து ஓட்டி அது அசைவதுபோல் காட்டுவது) எடுக்கக் கற்றுத்தரும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது கேமராவை அன்று, மண்ணை. நீரில் குழைத்த களிமண் மலிவானது, நுண்ணிய வேலைப்பாட்டுக்கு இணங்குவது. ஆனால் நொடிக்கு 12 படங்கள் வீதம் எடுத்தாலும், பத்து நொடிக் காட்சிக்கு 120 முறை பொம்மையைத் தொட்டு நகர்த்த வேண்டியிருப்பதால், விளக்கின் சூட்டில் ஈரம் வற்றி, முழங்கை மடியும் இடத்தில் மயிரிழைபோல் தொடங்கும் வெடிப்பு பாதி வேலையிலேயே கையை முறித்துவிடுகிறது. தண்ணீர் தொட்டுத் தடவினாலோ நிறம் மாறிவிடுகிறது.

எண்ணெய்ப் பசை கொண்ட செயற்கைக் களிமண்ணான பிளாஸ்டிசின், இங்கிலாந்தின் பாத் நகரில் ஓவிய ஆசிரியராக இருந்த வில்லியம் ஹார்பட் 1897-இல் தம் மாணவர்களுக்காக உருவாக்கியது. அது உலர்வதில்லை, சென்ற வாரம் நிறுத்திய இடத்திலிருந்தே இந்த வாரம் தொடரலாம். வாரத்துக்கு ஒரு பாடவேளை மட்டுமே கிடைக்கும் பள்ளிக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை. விரல்ரேகை பதிவதும், நிறங்கள் கலந்து அழுக்காவதும் இதன் குறைகள். வெள்ளையை முதலிலும் கறுப்பைக் கடைசியிலும் பிசையப் பழக்கினால் பாதி தீரும். வெயில் காலத்தில் இளகித் தொய்வதால், உள்ளே அலுமினியக் கம்பி வைப்பது நல்லது.

மலை, சுவர் போன்ற அசையாத பின்னணிக்கு முன்பே காயவைத்த குளத்து மண் போதும். அதன் சொரசொரப்பு தனி அழகு. நடிக்கும் உருவத்துக்குப் பிளாஸ்டிசினையே தயங்காமல் வாங்கிக் கொடுங்கள்.