பர்மிஷன் லெட்டரைக் கையில் வாங்காமல் படப்பிடிப்புக்குக் கிளம்பாதீர்கள்

படத்தை முடித்துத் தணிக்கைக்கு விண்ணப்பித்த பிறகுதான் நாங்கள் ஏமாந்திருப்பதே தெரிந்தது. ஆடுகள் வரும் காட்சிகளுக்கு விலங்குகள் நல வாரியத்தின் என்ஓசி (தடையில்லாச் சான்று) எங்கே என்று கேட்டார்கள். அதற்கென்று எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜரிடம் 45,000 ரூபாய் கொடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. போன் செய்தேன். "லெட்டர் ஆபீஸ்ல இருக்கு சார், நாளைக்குக் கொடுத்து அனுப்புறேன்" என்றார். இரண்டு நாள் இதையே சொன்னார். மூன்றாம் நாளிலிருந்து போனை எடுக்கவில்லை.

நாங்கள் மூன்று நண்பர்கள் சேர்ந்து 58 லட்சத்தில் எடுத்த படம் இது. பொள்ளாச்சிப் பக்கம் 19 நாள் படப்பிடிப்பு. ஒருவன் மனைவியின் நகையை அடகு வைத்துப் பணம் போட்டான். எங்களில் யாருக்கும் ஒரு யூனிட்டை நடத்திப் பழக்கமில்லை என்பதால், பல படங்களில் வேலை செய்த ஒரு புரொடக்‌ஷன் மேனேஜரை வைத்துக்கொண்டோம். வேலை தெரிந்தவர்தான். லைட்மேன் முதல் மெஸ் ஆள் வரை எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அதைப் பார்த்தே முழுதாக நம்பிவிட்டோம்.

ஆட்டு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், புதிதாகப் படமெடுக்க வருகிற பலருக்கு இது தெரிவதில்லை. படத்தில் யானை, குதிரை வந்தால்தான் அனுமதி வேண்டும் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. படப்பிடிப்பில் பயன்படுத்தும் விலங்குகளைப் பற்றி 2001ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன. வீட்டு ஆடும் நாயும்கூட அதில் அடங்கும். எந்தக் காட்சியில் எந்த விலங்கு, அதன் உரிமையாளர் யார், கால்நடை மருத்துவர் கொடுத்த தகுதிச் சான்று என எல்லாவற்றையும் வைத்து, ஷூட்டிங்குக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். எடுத்து முடித்துவிட்டுப் போய் நின்றால் முன்அனுமதி எப்படிக் கிடைக்கும்?

மேனேஜர் எங்களிடம், "திருவான்மியூர் ஆபீஸுக்கு நானே நேர்ல போய்க் கொடுத்துட்டு வந்தேன் சார்" என்று சொல்லியிருந்தார். வாரியம் முன்பு அங்கேதான் இருந்தது. ஆனால் 2018லேயே ஹரியானாவின் பல்லப்கருக்கு மாறிவிட்டது. அன்றைக்கே விண்ணப்ப நகலைக் காட்டுங்கள் என்று கேட்டிருந்தால் விஷயம் வெளிவந்திருக்கும். கேட்கவில்லை.

அதற்கு நாங்கள் கொடுத்த விலை என்ன தெரியுமா? மூன்று ஆட்டுக் காட்சிகளில் இரண்டை வெட்டினோம். மூன்றாவதை வெட்ட முடியாது. அப்பா இறந்த அன்று மந்தை தானாக வீடு திரும்பும் காட்சி அது. படமே அதில்தான் நிற்கிறது. முறையாக அனுமதி வாங்கி, மருத்துவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி எடுத்தோம். நான்கு லட்சத்துக்கு மேல் செலவு. பேசி வைத்திருந்த ரிலீஸ் தேதியும் போனது.

அப்புறம்தான் பழைய ஃபைலை உட்கார்ந்து புரட்டினோம். வாய்க்கால் கரையில் எடுக்கப் போன முதல் நாள் காலையில் துறை ஊழியர்கள் வந்து நிறுத்தினார்கள். சின்னக் குழப்பம் என்று மேனேஜர் சமாளித்தார். ஒரு நாள் கால்ஷீட் வீண். யூனிட் பேட்டா, ஜெனரேட்டர், வண்டி வாடகை எல்லாம் எங்கள் தலையில். அந்த இடத்துக்கும் அனுமதிக் கடிதம் வாங்கவேயில்லை என்பது ஃபைலைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அணை, ஏரி என்றால் நீர்வளத்துறை, காடு என்றால் வனத்துறை, ரயில் நிலையம் என்றால் ரயில்வே என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அனுமதி. 'லோக்கல்ல பேசிட்டேன்' என்பது அனுமதி ஆகாது.

திருவிழாக் காட்சிக்கு 80 துணை நடிகர்கள் வந்ததாக வவுச்சர் இருந்தது. எடிட்டர் பொறுமையாக வைட் ஷாட்டை நிறுத்தி நிறுத்தி எண்ணினார். 46 தலைதான். அன்றைக்குச் சாப்பாட்டு பில் 150 இலைக்கு. ஜெனரேட்டர் ஓடிய மணிக்கும் டீசல் பில்லுக்கும் பொருந்தவேயில்லை.

இப்போது அடுத்த படத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் முறை இதுதான். எல்லா அனுமதி விண்ணப்பமும் எங்கள் கம்பெனி பெயரில், எங்கள் மெயிலிலிருந்து போகும். அரசுக் கட்டணத்தை நாங்களே நேரடியாகக் கட்டி ரசீது வாங்குவோம். மேனேஜர் கையில் இரண்டு நாள் செலவுக்கு மேல் ரொக்கம் இருக்காது. முந்தைய வவுச்சரில் கையெழுத்தைச் சரிபார்த்த பிறகுதான் அடுத்த தொகை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்களில் ஒருவர் தலை எண்ணி எழுதுவார், ஏனென்றால் மொத்த யூனிட்டும் ஒரே இடத்தில் இருக்கும் நேரம் அதுதான். ஜெனரேட்டர் மீட்டரை காலையும் இரவும் போட்டோ எடுத்து வைப்போம். மேனேஜர் சம்பளத்தின் கடைசித் தவணை, எல்லா ஒரிஜினல் கடிதங்களும் எங்கள் கைக்கு வந்த பிறகுதான் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவோம். இப்படிக் கேட்டால் நல்ல மேனேஜர் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இப்போது எங்களுடன் பேசிக்கொண்டிருப்பவர், "இப்படி இருந்தா எனக்கும் நிம்மதி சார்" என்றார்.

போலீஸில் புகார் கொடுத்தோம். ரொக்கமாகக் கொடுத்ததற்கு எங்களிடம் ரசீது இல்லை, எழுத்தில் ஒப்பந்தமும் இல்லை. அதனால் வழக்கு நகரவில்லை. அவருடைய சங்கத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

போன வாரம் தெரிந்தவர் மூலம் ஒரு செய்தி வந்தது. அதே மனிதர் இப்போது கல்லூரி முடித்த சில பிள்ளைகளின் முதல் படத்தில் மேனேஜராம். எப்படியோ நம்பரைத் தேடிப் பிடித்து அந்த டைரக்டர் தம்பியிடம் பேசினேன். கதையில் ஒரு பசுமாடு உண்டாம். "அனுமதிக் கடிதத்தைப் பார்த்தீங்களா தம்பி?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லண்ணா. ஆபீஸ்ல இருக்குன்னு சொன்னாரு."

ஷூட்டிங்குக்கு இன்னும் 12 நாள் இருந்தது. அன்றைக்கே வாரியத்துக்கு நேரடியாக எழுதிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.