‘1932 டாடா விமானம்’ கிட் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஜே.ஆர்.டி. டாடா 1932-ல் ஓட்டிய அஞ்சல் விமானம், 1/48 அளவில் (அசலில் 48-ல் ஒரு பங்கு) ரெசின் என்ற பிசினில் வார்த்த பாகங்களைச் சேர்த்துக் கட்டும் கிட், மேலே ஒட்டும் எழுத்துகளுக்கான டெக்கல் தாள், கூடவே ‘வரலாற்று ஆய்வுக் கையேடு’ என்று ஒரு பிடிஎஃப். இப்படி ஒரு விளம்பரம் ஸ்கேல் மாடல் கட்டுபவர்கள் மத்தியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. விலை நாலாயிரத்துச் சொச்சம். பணம் கட்டி வாங்கினேன். வந்தது அந்த விமானமே இல்லை.

1932 அக்டோபர் 15 அன்று டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய் ஜுஹுவுக்கு அஞ்சல் பைகளோடு ஓட்டி வந்தது டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் புஸ் மாத் என்ற சிறு விமானம். பதிவெழுத்து விடி-ஏடிஎன். ஜுஹுவிலிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக அஞ்சலைச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். சென்னைக்காரனான எனக்கு இந்தக் கிட் மேல் ஆசை வந்ததே அதனால்தான்.

பெட்டியைப் பிரித்ததும் முதலில் இறக்கைதான் உறுத்தியது. புஸ் மாத்தின் இறக்கை கிட்டத்தட்ட நுனிவரை ஒரே அகலத்தில் போகும். கையில் இருந்ததோ உடலை விட்டு விலக விலகக் குறுகிக்கொண்டே போனது. ஒட்டாமல் சேர்த்துப் பிடித்து ஸ்டீல் ஸ்கேலில் அளந்தேன். நுனிக்கு நுனி 238 மில்லிமீட்டர். புஸ் மாத்தின் இறக்கை விரிவு 36 அடி 9 அங்குலம்; 48-ஆல் வகுத்தால் 233 மில்லிமீட்டர்தான் வர வேண்டும். ஐந்து மில்லிமீட்டருக்கா இவ்வளவு பேச்சு என்று கேட்காதீர்கள். வார்த்த ரெசின் ஆறும்போது சுருங்கும், நீளாது. 238 வர வேண்டுமென்றால் அசல் விமானம் 37 அடி 6 அங்குலம் இருந்திருக்க வேண்டும். அது அதே நிறுவனத்தின் இன்னொரு விமானமான லெப்பர்ட் மாத்தின் அளவு. உள்ளே பார்த்தால் விமானிக்குப் பின்னால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் இருக்கை. அதுவும் லெப்பர்ட் மாத்தின் ஏற்பாடுதான்.

லெப்பர்ட் மாத் முதன்முதலில் பறந்ததே 1933 மே மாதத்தில். அதை 1932-ல் யார் ஓட்டியிருக்க முடியும்?

எங்கே தடம் மாறியது என்பதும் புரிந்துவிட்டது. 1982-ல், அந்தப் பயணத்தின் பொன்விழாவின்போது, டாடா 78 வயதில் அதே வழியில் மறுபடி ஓட்டி வந்தார். அன்று அவர் ஓட்டியது லெப்பர்ட் மாத். அந்த விழாப் படங்களைப் பார்த்து வடிவத்தை வரைந்து, ஆண்டை மட்டும் 1932 என்று போட்டிருக்கிறார்கள். இதற்குப் பெயர் ஆய்வாம்.

டெக்கல் தாள் இன்னும் மோசம். பதிவெழுத்தோடு ‘ஏர் இந்தியா’ என்ற பெயரும் இருக்கிறது. அந்தப் பெயர் வந்தது 1946-ல்!

விற்றவருக்கு அளவுகளோடு படம் அனுப்பினேன். “சார், ரெண்டும் மாத்துதானே, ஒரே கம்பெனி” என்று பதில். நிறத்துக்கு என்ன ஆதாரம் என்று கேட்டதற்கு, ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஏதோ ஆப் வண்ணம் பூசிய பிரதியை அனுப்பினார். அந்தக் காலத்தில் ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம் புழக்கத்தில் இருந்தது. அதில் சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளிறியும் விழும். எந்த ஃபிலிம் என்று தெரியாமல் சாம்பல் நிறத்தை வைத்து நாமே நிறம் சொல்லத் தயங்குவோம். ஆப் சொன்னால் ஆதாரமா? பணத்தைத் திருப்பிக் கேட்டதும், பிடிஎஃப் அனுப்பியாகிவிட்டது, ரிட்டர்ன் கிடையாது என்றார். அப்புறம் பதிலே இல்லை.

இந்தக் கிட்டோ இதுபோன்ற வேறொன்றோ வாங்குவதாக இருந்தால், பணம் அனுப்பும் முன்பு கட்டி முடித்த மாடலை மேலிருந்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்த படம் கேளுங்கள். அட்டைப் பெட்டி ஓவியத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இறக்கை விரிவை நீங்களே வகுத்துப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. எந்தத் தேதியில், எங்கே எடுத்த படத்தை வைத்து வரைந்தார் என்று கேளுங்கள். வண்ணம் பூசாத மூலப் படத்தையே கேளுங்கள். நிஜமாகவே உழைத்தவர் இந்தக் கேள்விக்கு அரைமணி நேரம் பேசுவார், நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தமாட்டார். மழுப்புகிறவரிடம் வாங்காதீர்கள்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் அனுப்பிய ரசீது, அளவெடுத்த படங்கள் மூன்றையும் பத்திரமாக வையுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம். நான் கொடுத்திருக்கிறேன், இன்னும் முடிவு வரவில்லை. ஸ்கிரீன்ஷாட்டை இன்றே எடுத்துவிடுங்கள், ஏனென்றால் அவர் விளம்பரத்தைத் திருத்த ஆரம்பித்துவிட்டார். ‘புஸ் மாத்’ என்று இருந்த இடத்தில் நேற்று பார்த்தால் வெறும் ‘மாத்’ என்று இருக்கிறது. 1932-ஐயும் விலையையும் தொடவில்லை.